அவனுக்கு மட்டும் கேட்கிற வாத்தியம்

1

அன்றைக்கு அக்கா மட்டும் ஷிப்ட் மாறி அம்மா வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் எனக்கு இன்னமும் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கே ஜெர்மனியில் என் அறையில் பியானோ முன்னால் உட்கார்ந்து, எதிரே கைபேசியை நிறுத்திவைத்து, பாகலூரில் இருக்கிற அம்மாவுக்கு வழக்கம்போல வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையில் அம்மா, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு உட்கார்ந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக இருந்தாள். மெட்டு முடிந்ததும் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நன்றாக இருக்கிறது" என்றாள்.

தலை துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்ற அக்கா மஞ்சுளா திரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடா இது, ஊமப்படம் காட்டிக்கினு இருக்கற? கை ஆடுது, சத்தத்தக் காணோமே?"

"சத்தம் வரலையா?"

"நீ பேசறது கேக்குது. வாசிக்கறது ஒண்ணும் வரல. ஏம்மா, ஒனக்குக் கேட்டுச்சா?"

விருந்தாளி முன்னால் உளறிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அம்மா அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "எப்பவும் ஹீகேதான்" என்றாள். எப்போதும் இப்படித்தானாம்.

"எப்பவுமா? அப்ப வாரா வாரம் என்னாத்தக் கேட்டுட்டு நல்லா இருக்குதுன்னே?"

"அவந்தான சொன்னான், காதுல மாட்டிக்கினு வாசிப்பேன், வெளிய ஒருத்தருக்கும் கேக்காதுன்னு? வாசிக்கிறவனுக்கு மட்டும் கேக்கற வாத்தியம்னு நெனச்சேன். அந்த ஊர்ல அப்படி ஒண்ணு இருக்குது போலன்னு."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவுக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. ஆனால் என் பக்கம் திரும்பியதும் அதை அடக்கிக்கொண்டு, "மன்னிக்கவும். எனக்குத் தெரியாது" என்றாள்.

அந்த 'மன்னிக்கவும்' என்னைவிட்டுப் போகவே இல்லை. பியானோ கேட்கவில்லை என்பதை ஒரு பொத்தானில் சரிசெய்துவிடலாம். அக்காவிடம் ஒரு பேச்சும் என்னிடம் ஒரு பேச்சுமாக அம்மா எப்போது பிரிந்துபோனாள் என்பதை எந்தப் பொத்தானில் போய்த் தேடுவது?

2

பாகலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து நடந்துபோனாலே கர்நாடகம். அம்மா அந்தப் பக்கத்தில் பிறந்தவள், அவளுடைய தாய்வீட்டில் கன்னடம். கட்டிக்கொடுத்த இடமான அப்பா வீட்டில் தெலுங்கு. கூலிக்குப் போன இடத்தில் தமிழ். மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள அவளுக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. எந்தச் சொல் முதலில் வாய்க்கு வருகிறதோ அதுதான்.

"ஊட்ட ஆய்த்தா கந்தா? ஏன்டா மொகம் இப்படி வாடிக் கெடக்குது? சலிகா உந்தா அங்க?"

நான் வந்த புதிதில் ஃபோனில் அவள் கேட்டது இது. சாப்பாடு ஆயிற்றா குழந்தை என்பது கன்னடம், முகம் வாடியது தமிழ், அங்கே குளிருகிறதா என்பது தெலுங்கு. மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக வரும். நான் தமிழில் பதில் சொல்வேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் எனக்கு அது ஒன்றுதான் முழுதாக வரும். மற்ற இரண்டும் காதுக்கு வரும், வாய்க்கு வராது.

இங்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் ரோஜாக் கட்டுகளை வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். அம்மா ரோஜா ஷெட்டில் பூ வெட்டுகிறவளாயிற்றே என்று ஒருநாள் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே அக்காவின் ஃபோனில் அம்மா வந்துவிட்டாள். "இதி ரோஜாவா? தண்டு இஷ்டேனா, இவ்ளோதானா? இத எங்க சூப்பர்வைசர் பாத்தான்னா, வெட்டினவள ஷெட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவான்! நீ ஏன்டா காசு குடுத்து வாங்கின, புத்தி கித்தி இருக்குதா?" நான் வாங்கவில்லை, படம்தான் எடுத்தேன் என்று சொல்வதற்குள் அடுத்த வசவு வந்துவிட்டது.

அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். அக்கா ஓசூரில் மின்னணுப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரத்துக்கொரு ஷிப்ட், அங்கேயே குடும்பம். எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் பல்பு போனாலும் பேங்கில் கையெழுத்து சரியில்லை என்றாலும், "ராஜுவைக் கேளு, அவன் படிச்சவன்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு உண்டு. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அந்தத் தவிப்பில் நடந்ததுதான்.

3

பியானோ எப்படி வந்தது என்று ஊரில் நண்பர்கள் கேட்கிறார்கள். பணக்கார வீட்டு விஷயம் இல்லையா!

ஓசூரில் நான் டிரெய்னியாக இருந்தபோது பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்போம். எதிரே ஒரு பேக்கரி, அதற்கு மேலே மாடியில் கீபோர்டு கிளாஸ். சாயங்கால ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் மேலேயிருந்து பிள்ளைகள் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரே வரிசையை வாசிக்கும் சத்தம் கேட்கும். பஸ் தாமதமானால் நல்லது என்றுகூட இருக்கும். ஆனால் அந்த மாடிப்படியில் நானும் ஏறலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யாரும் தடுக்கவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடிக்கிடக்கும். துணி உலர்த்துவதையும் ஊருக்குப் பேசுவதையும் தவிர செய்ய ஒன்றுமில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய மின் பியானோ ஒன்றை வாங்கி, ஆஃபீஸ் நண்பனும் நானும் டிராமில் ஏற்றி, ஏற்றக்கூடாது என்று ஓட்டுநரிடம் திட்டு வாங்கி, பாதி வழியில் இறங்கிச் சுமந்துகொண்டு வந்தோம்.

சொல்லிக்கொடுப்பது ஒரு செயலிதான். திரையில் சுரங்கள் ஓடிவரும். சரியாக அழுத்தினால் பச்சை. தப்பாக அழுத்தினால் சிவப்பு, பாட்டு அங்கேயே நின்றுவிடும். சரியான கட்டையை அழுத்துகிற வரை அது நகராது. அதற்குக் கோபம் வராது, சலிப்பும் வராது. அந்தப் பொறுமைதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தாலாட்டு மெட்டு. அதன் நடுவில் இடது கை மாறுகிற இடத்தில் நான் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு விதிமுறைத் தாள் உண்டு. எந்நேரம் துணி துவைக்கலாம், எந்நேரம் வாத்தியம் வாசிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை என்னென்ன செய்யக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அதனால் ஹெட்போனில்தான் பழகுவேன். அப்படியும் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மரியாதையாகக் கதவைத் தட்டினார். "உங்கள் வீட்டில் யாரோ மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஏதாவது கவலையா?" என்றார். கட்டை விழுகிற சத்தம் மட்டும் அவருக்குப் போயிருக்கிறது. மறுநாளே கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டேன்.

அம்மாவுக்காக வாசிக்கும்போது மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைத் தணித்து வைத்துக்கொள்வேன். அதைத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஃபோனில் படங்களைப் பார்த்து அழுத்தக் கற்றுக்கொடுத்தால், கம்பெனிக்காரன் அந்தப் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறான். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பாள். அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பொழுதுபோக்கு வேலை அதுதான்: சின்னக் கணினி ஒன்று, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், ஒரு திரை. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கினேன். அம்மா வாயால் சொன்னால் போதும், எனக்கு அழைப்பு வரும். நான் வேலையில் இருந்தால், அவள் சொல்வதைக் கேட்டு எழுத்தாக்கி எனக்கு அனுப்பிவிடும். மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டே அம்மா சொன்னதைப் படித்துவிடலாம். படித்த பிள்ளை இதைவிட வேறென்ன செய்துவிட முடியும்?

லீவில் ஊருக்குப் போனபோது முன்னறையில் அலமாரி மேல் பெட்டியை வைத்தேன். அக்காவும் வந்திருந்தாள். ரத்தினம்மா வேடிக்கை பார்க்க வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"பேசும்மா. என்னைக் கூப்பிடணும்னு சொல்லு."

அம்மா பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "ரேய், நம்ம ராஜுகானிக்கி ஒந்து ஃபோன் போடுறா."

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது பெட்டி.

"என்னா புரியல? நம்ம பையன், ஜெர்மனில இருக்கறானே!"

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"தாலுகா ஆபீஸ்ல ஒருத்தி உக்காந்துக்கினு இருந்தா பாரு, அவளேதான் இது" என்றாள் ரத்தினம்மா. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு சமயத்தில் ஒரு மொழியைத்தான் போட முடியும். நான் தமிழைப் போட்டிருந்தேன். அதிலும் செய்தி வாசிக்கிற தமிழ் என்றால் அதற்குச் சுளுவாகப் புரியும். பெட்டியை மாற்றுவது பெரிய வேலை, லீவோ முடிந்துகொண்டிருந்தது. அதனால் அம்மாவை மாற்றினேன்.

"மகனை அழைக்கவும்னு சொல்லும்மா. நிறுத்தி, மெதுவா."

"மகன... அழிக்கவும்."

"அழைக்கவும்."

ரோஜா ஷெட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் வீட்டு வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். கடைசியில் ஒருநாள் பெட்டி, "இதோ அழைக்கிறேன்" என்றது. என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். பரீட்சையில் பாஸானவளைப்போல ரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தியா? அது என் பேச்சக் கேக்குது!"

வீட்டுக்கு எதிர் ரோட்டில் எம்-சாண்ட் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அம்மா பேசுவது எனக்குச் சரியாகக் கேட்காது என்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு வடிகட்டியையும் போட்டேன். மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துவிடுகிற மென்பொருள் அது. என் பக்கத்திலும் அதைப் போட்டேன். மிகவும் நன்றாக வேலை செய்தது. பியானோவையும் சேர்த்து எடுத்துவிட்டது.

5

முதலில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது திரையில் அம்மாவின் செய்திகள் வரும். 'மாத்திரை சாப்பிட்டேன். மழை பெய்தது. நலமாக இருக்கிறேன்.' அழகாக, பிழையில்லாமல். பக்கத்தில் இருக்கிறவனிடம்கூடக் காட்டினேன், இது என் அம்மா பேசியது என்று.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமை அழைப்பிலும் அதே பேச்சு வர ஆரம்பித்தது. "வணக்கம். சாப்பிட்டாயா? வேலை எப்படி இருக்கிறது?" நான் ஏதாவது சொன்னால், "நல்லது." என்மேல் கோபமோ என்று அக்காவிடம் கேட்டேன். "கோவமா? நீ ஃபோன வெச்சப்புறம் வந்து பாரு, தெருவே கேக்கற மாதிரி ஒன்னப் பத்திப் பேசும்" என்றாள். சரி, வயதாகிறது, பேச்சு குறைகிறது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இங்கே வந்து நான்கு வருடம் முடிந்தபோது நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதிக்கு விண்ணப்பித்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே ஒரு தவம். போனால், எடுத்துச்சென்ற சான்றிதழ்களில் ஏதாவது ஒன்று எப்போதும் குறையும். அன்று எதுவும் குறையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் ஜெர்மனைப் பாராட்டிவிட்டு, சும்மா பேச்சுக்கு, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார்.

"தமிழ்" என்றேன் உடனே.

அவர் சிரித்தபடி, "அப்படியானால் அம்மாவோடு பேசுவது சுலபமாக இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. அது அம்மாவின் வீட்டு மொழி இல்லையே. அது நான் அவளுக்கு வைத்துவிட்டு வந்த மொழி.

இங்கே தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடும்போது பிள்ளைகளைப் பற்றித்தான் பெரிய கவலை. எங்களுக்குள் தமிழில் பேசுகிறோம், அதுகள் ஜெர்மனில் பதில் சொல்கின்றன, கைவிட்டுப் போகின்றன என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமே ஆகவில்லை. பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கைவிட்டுப் போன பிள்ளை நான்தான் என்று அப்போது நினைக்கவில்லை.

6

அக்கா 'ஊமப்படம்' என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் வடிகட்டியை எடுத்துவிட்டேன். கூப்பிட்டதும் லாரிச் சத்தம் அறைக்குள் வந்து விழுந்தது. எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு.

"இப்ப கேளும்மா."

வாசித்தேன். வழக்கமான இடத்தில் நின்று, திரும்ப ஆரம்பித்து, ஒருவழியாக முடித்தேன். முதல்தடவையாக அம்மாவின் காதுக்கு அது போனது. அவள் முகத்தில் என்னென்னவோ ஓடியதைப் பார்த்தேன். புருவம் ஏறியது, ஒரு இடத்தில் உதடு குவிந்தது, என்னவோ சொல்ல வாய் திறந்தது. பிறகு உட்கார்ந்தவாறே நிமிர்ந்து,

"நன்றாக இருக்கிறது" என்றாள்.

சத்தமே வராத வாரங்களில் சொன்ன அதே சொல், அதே அளவு.

"அம்மா, என்கிட்ட ஏம்மா இப்படிப் பேசற? பழைய மாதிரி பேசேன். அக்காகிட்ட பேசற மாதிரி."

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் சின்னதாகிப்போனது.

"நீதானே கற்றுக்கொடுத்தாய்?"

"அது பெட்டிக்கும்மா. எனக்கில்ல."

"நீ பெட்டிக்குள்ளதான வர்ற?" என்றாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் பழைய குரலில் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

பெட்டியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கத்தினாள். "உனக்கென்னா பைத்தியமா? அத வெச்சிக்கினுதான் அம்மா யார் கையயும் எதிர்பாக்காம ஒன்னக் கூப்புடுது. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பேசிக் காட்டுது. அத எடுத்தா உசுரே போயிடும்."

படித்தவனுக்குத் தோன்றுவது படித்தவன் வழிதான். அம்மாவைத் திரும்ப மாற்ற முடியாவிட்டால் பெட்டியை மாற்றுவோம் என்று இறங்கினேன். மூன்று மொழியும் கலந்த பேச்சைப் புரிந்துகொள்ள அதற்குப் பழக்க வேண்டும். பழக்குவதற்கு அப்படிப்பட்ட பேச்சின் ஒலிப்பதிவு நிறைய வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சை யார் பதிந்து வைத்திருக்கிறார்கள்? அம்மாவிடமே கேட்டேன்.

"சும்மா பேசும்மா. பெட்டி கேட்டுக்கட்டும்."

"என்ன பேச வேண்டும்?"

"எதுவேணா. ஷெட்டுல என்ன நடந்துச்சு?"

"ஷெட்டில் பூ வெட்டினோம்."

"இப்படி இல்லம்மா. ரத்தினம்மாகிட்ட எப்படிப் பேசுவே? அப்படி."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று நினைத்திருப்பாள்.

"நீ ரத்தினம்மா இல்லையே" என்றாள்.

7

எழுத்தாக்குகிற பகுதியை நிறுத்திவிட்டேன். அம்மா பேசுவது இப்போது குரலாகவே எனக்கு வந்து சேரும். எழுத்தில் வந்தால்தானே எழுத்துத் தமிழ் வரும், குரலாகப் போகிறது என்று தெரிந்தால் இயல்பாகப் பேசுவாள் என்று ஓர் ஆசை. இதையெல்லாம் அவளிடம் சொல்லவும் செய்தேன்.

முதல் செய்தி வந்தது. ஆஃபீஸ் படிக்கட்டில் நின்று காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"நான் அம்மா பேசுகிறேன். சாப்பிட்டேன். நலமாக இருக்கிறேன். வைக்கிறேன்."

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஃபோனைச் சட்டைப்பையில் போடப்போனேன். குரல் நின்ற பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பேசுகிறவர் பேசி முடித்துவிட்டார் என்று உறுதிசெய்துகொள்ளக் கொஞ்சநேரம் காத்திருக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தால் அது நிற்காது. அந்தக் கொஞ்சநேரத்துக்குள் ரத்தினம்மா உள்ளே வந்துவிட்டிருக்கிறாள்.

"என்னக்கா, யாரோட மாத்தாடிக்கினு இருந்தே?"

"யாரு, நம்ம ராஜுதான். பெட்டிக்குச் சொல்லி வெச்சேன்." தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கிற சத்தம். "ரத்தினா, அவன் வாசிக்கறத இப்பத்தான்டி காதால கேட்டேன். அய்யோ, ஒந்தே பாட்டு! வாரா வாரம் ஒந்தே பாட்டு! டிங்கு டிங்குன்னு நாலு தட்டு தட்டறான், தப்புனு நின்னுடறான். மறுபடி மொதல்லருந்து. நடக்கப் பழகற கூசு மாதிரி, ரெண்டடி வெக்கறதும் பொத்துனு உக்கார்றதும். பாபம், வாடிக்கி ராலேது."

கூசு என்றால் குழந்தை. பாவம், அவனுக்கு வரவில்லை என்கிறாள். ரத்தினம்மா சிரிக்கிறாள். அம்மாவும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

"அத அவங்கிட்ட சொல்றதுதான?"

"நன்றாக இருக்கிறதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்." செய்தி வாசிப்பவரைப்போல இழுத்துச் சொல்லிக் காட்டுகிறாள்.

"ஏன்க்கா, பெத்த புள்ளகிட்ட நெஜத்தச் சொன்னா என்னா?"

ஒரு லாரி போனது. பிறகு அம்மா சொன்னாள்:

"ஏமி சேஸ்தாம், என்னா பண்றது? அந்த பாஷையில எனக்கு அவ்ளோதான் வரும்."

படிக்கட்டில் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள், வணக்கம் சொன்னார்கள். திருப்பிச் சொன்னேனா என்று நினைவில்லை.

அடுத்தடுத்த செய்திகளிலும் அப்படியே வந்தது. முன்னால் எனக்கான இரண்டு மூன்று வாக்கியங்கள். 'வைக்கிறேன்' என்பதற்குப் பிறகு, அம்மா. பூனையைத் திட்டுகிற அம்மா. சூப்பர்வைசரை நடித்துக் காட்டுகிற அம்மா. என் கல்யாணத்துக்கு எந்தப் பாஷைப் பெண் கிடைப்பாள் என்று ரத்தினம்மாவோடு சண்டை போடுகிற அம்மா. முன்னால் வருவதை ஓட்டிவிட்டுப் பின்னால் வருவதை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். பெட்டிக்குப் பழக்குவதற்கு எந்தப் பேச்சைத் தேடி அலைந்தேனோ அது தானாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போட்டால் இந்தக் குளிர்காலத்துக்குள் பெட்டிக்கு அம்மாவின் மொழி தெரிந்துவிடும்.

அக்காவிடம் சொன்னேன். பெருமையோடுதான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீ கேக்கறது?"

"இல்ல."

"தெரிஞ்சா?"

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தெரிஞ்சா அந்த ரூம்ல ரத்தினம்மாகிட்டயும் நன்றாக இருக்கிறதுன்னுதான்டா பேசும்" என்றாள் அக்கா. "ஒங்கிட்ட போனது போவட்டும். அவங்ககிட்டயாவது அது இருக்கட்டும். விட்டுடு, ராஜு."

எத்தனையோ நிரல்கள் எழுதியிருக்கிறேன். இது மிகச் சின்னது. 'வைக்கிறேன்' என்ற சொல் காதில் விழுந்ததும், பதிவானாலும் அழைப்பானாலும், பெட்டி நின்றுவிட வேண்டும். அந்தச் சொல்லை அம்மா எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள், நான் சொல்லிக்கொடுத்தபடி, நிறுத்தி, மெதுவாக. அதனால் பெட்டிக்கு அதைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. எழுதி அனுப்பிவிட்டு, அதுவரை வந்து சேர்ந்த பதிவுகளையும் அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன். எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

நேற்று ஞாயிறு. வாசித்தேன். இடது கை மாறுகிற இடத்தில் வழக்கம்போல நின்றேன். நடக்கப் பழகற கூசு, பொத்துனு உக்காந்துடுச்சு என்று மனசுக்குள் அம்மாவின் குரலில் சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணில் அந்தச் சிரிப்பு இருந்தது. வாய்வரைக்கும் வந்தது.

"உண்மையச் சொல்லும்மா. எப்படி இருக்குது?"

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள் அம்மா. "குளிரில் வெளியே போகாதே. வைக்கிறேன்."

நான் எழுதியவற்றில் இது ஒன்றுதான் இதுவரை பிழையே இல்லாமல் ஓடுகிறது. அவள் சொல்லி முடித்த அந்தக் கணமே பெட்டி நின்றுவிட்டது.